தூங்குகிறார்கள் என்றுதான் நினைத்தோம்

உன் மனைவி இன்று காலை உன் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

குடியாத்தத்தில் உன் அண்ணன் தறியில் நெய்த பழைய லுங்கி ஒன்றில் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் மைக்குப்பியைத் திறந்து வைத்து, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தில் கன்னத்து அம்மைத் தழும்பை மறைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "கண்ணு எழுதிக் குடுங்கண்ணா. சாயங்காலம் வர்றேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள். கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. கரியும் கற்பூரமும் கலந்த அந்த மை வாசனை இத்தனை வருடம் என் மூக்குக்கு உறைத்ததே இல்லை. இன்று உறைத்தது, குப்பியை மூடி வைத்தேன்.

என்னிடம் வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். நீ போய் மூன்று மாதம் ஆகவில்லை, உன் வீட்டிலிருந்தே வந்து கேட்டால் நான் என்ன செய்வது? "எனக்கு மட்டும் கண்ணு எழுதிடாதேடா" என்று நீ ஒரு தடவையா சொன்னாய்? காமாலை முற்றிப் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோதும் அதைத்தானே சொன்னாய். நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இப்போது படம் மேசைமேல் கிடக்கிறது, பக்கத்தில் மை இருக்கிறது, சாயங்காலம் அவள் வரப்போகிறாள். உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

இதை நாளைக்கு உன் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கலாம். அவர்களுக்காகச் சிலதை உடைத்துச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்த கதைதானே என்று முகத்தைச் சுளிக்காதே. நாம் ஆம்பூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்த புதிதில் உயிரோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் கம்மி. செத்தவர்கள்தான் ஜாஸ்தி. உயிரோடு இருக்கும்போது எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று பயப்படுவார்கள். ஆள் போன பிறகு, பார்க்க ஒரு முகம்கூட இல்லையே என்று அழுவார்கள். சாவு வீட்டிலிருந்து யாராவது ஓடி வருவான். நீ பெரிய கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவாய். அங்கே குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நெற்றிக்கு இட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் ஒரு துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். நீ படம் எடுத்து வந்து கழுவிக் கொடுத்தால் மிச்சம் என் வேலை. மூடிய இமைமேல் வெள்ளை பூசி, கருவிழி எழுதி, அதில் வெளிச்சத்துக்கு ஒரு புள்ளி வைப்பேன். "பெரிய கண்ணா, சின்னக் கண்ணா?" என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்வேன். அவ்வளவுதான். செத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்ப்பார். மாலை போட்டு மாட்டிவிடுவார்கள்.

வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் இப்படித்தான். படத்தில் ஒருவர் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தால் அவர் செத்தவர் என்று நம் கண் தானாகவே முடிவு செய்துவிடும். படம் என்றாலே இதுதான் என்றும், மிஞ்சிப் போனால் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து நிற்கும் புது மாப்பிள்ளை என்றும் நாம் இருந்தோம். முனுசாமி அந்தக் காகிதங்களைக் கொண்டு வந்தது அப்போதுதான்.

முனுசாமி தோல் பதனிடும் ஷாப்பில் கிடங்கு ஆள். வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்தாலும் சாயம் வந்தாலும் மரப்பெட்டியை உடைத்து இறக்குவது அவன் வேலை. சாமான் ஆடாமல் இருக்கப் பெட்டியின் சந்துகளில் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அதில் ஒரு கைப்பிடியை அள்ளிக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் ஸ்டுடியோவுக்குள் வந்தான்.

"இன்னா சாமி, இதெல்லாம் போட்டாதானே? குப்பையில போடச் சொன்னாங்க. ஒனக்கு ஆவுமான்னு பாரு."

நீ முதலில் விரித்த தாள் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கூரை இல்லாத வீடு. மூன்று பக்கம் சுவர் இடிந்து கிடக்கிறது. நடுவில் ஒரு பெண் மேசைமேல் ரொட்டியை வைத்து நறுக்கிக்கொண்டிருக்கிறாள். மேசைமேல் துணிகூட விரித்திருக்கிறாள். நீ அதைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, வெகுநேரம் பார்த்தாய்.  கடைசியில் கேட்டாய், "எவளோ ஒருத்தி ரொட்டி அறுக்கறா. நம்மள நிமிந்துகூடப் பாக்கல. இத எதுக்குடா எடுத்தான்?" கேட்டுவிட்டு மறுபடியும் பார்த்தாய். அன்று இரண்டு பேர் படம் எடுக்க வந்தார்கள், நீ திருப்பி அனுப்பிவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு பெட்டி வந்தால் போதும், முனுசாமி இடுப்பில் தாளைச் செருகிக்கொண்டு வருவான். கசங்கலை எடுக்க அவனே வழியும் கண்டுபிடித்தான். ஷாப்பில் ஈரத் தோலைக் கண்ணாடிப் பலகைமேல் ஒட்டி, மழுங்கிய தகட்டால் இழுத்து இழுத்துச் சுருக்கம் எடுப்பார்கள். அதையே காகிதத்துக்குச் செய்தான். கிழியாமல், நூலளவு சுருக்கம் இல்லாமல் காய்ந்து வரும். பனியில் குதிரை இழுக்கும் கிழவன், சுரங்கத்திலிருந்து மேலே வரும் கறுத்த முகங்கள், மழையில் கஞ்சிக்கு நிற்கும் வரிசை, மீன் கூடையைத் தலையில் வைத்துச் சண்டை போடும் பெண்கள். எந்த ஊர், எந்தப் பாஷை என்று நமக்கு ஒன்றும் தெரியாது. எழுத்து ஆங்கிலம்கூட இல்லை. நீதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டுவாய், முனுசாமி அதைத் திருத்துவான். மூன்று பேரும் டீயை ஆறவிட்டுவிட்டு உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

தூங்குகிறவர்கள் படம் வந்தது அப்படித்தான்.

ஒரு வயல். அறுத்து முடித்த பயிரின் அடிக்கட்டை குத்திட்டு நிற்கிறது. அதில் ஆண்கள் கிடக்கிறார்கள். ஒருவன் மல்லாந்து, முழங்கையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு. ஒருவன் பக்கவாட்டில் சுருண்டு. ஒருவன் கன்னம் மண்ணில் படக் குப்புற. ஒருவன் காலில் ஒரு பூட்ஸ் இருக்கிறது, மற்றது கழன்று பாதி தொங்குகிறது. சாய்ந்த வெயில். எவ்வளவு அழகான படம். இப்படி எழுத இப்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

"அறுப்பு முடிச்சிட்டுத் தூங்கறானுங்க" என்றாய்.

"பூட்ஸைக்கூடக் கழட்டாம படுத்துட்டான் பாரு. பாதியிலயே தூக்கம் வந்துருச்சு" என்றேன் நான்.

முனுசாமி அந்தப் பூட்ஸின் அடித்தோலைத்தான் பார்த்தான். "நல்லா நடந்திருக்கான் சாமி. அடி தேஞ்சு போச்சு" என்றான்.

அந்தத் தாளில் ஒரு குறை இருந்தது. இரண்டு பேர் தலைக்கடியில் கறுப்பாகத் திட்டு. அச்சடித்தவன் மையைக் கொட்டிவிட்டான் என்று நினைத்தேன். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? பிளேடால் மெல்லச் சுரண்டி, வெள்ளையும் சாம்பலும் குழைத்துப் பூசி, அதன்மேல் பயிர்க் கட்டைகள்கூட ஒன்றிரண்டு வரைந்தேன். திட்டு போன இடம் தெரியவில்லை. "கைகாரன்டா நீ" என்று முதுகில் தட்டினாய். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம்.

செத்தவர்களை நீ எத்தனை பேரைப் பார்த்திருப்பாய், நான் எத்தனை பேருக்குக் கண் எழுதியிருப்பேன். நமக்கா தெரியவில்லை? தெரியவில்லை. குளிப்பாட்டாமல், நெற்றிக்கு ஒன்றும் இல்லாமல், கிடந்த இடத்திலேயே செத்தவனைப் படம் எடுப்பார்கள் என்பது நம் புத்திக்கு எட்டாத விஷயம். செத்திருந்தால் உட்காரவைத்திருப்பார்களே. கிடக்கிறான் என்றால் தூங்குகிறான். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது.

அந்தப் படம் உன்னைப் பிடித்து ஆட்டியது. சாப்பிடும்போதும் அதையே பார்ப்பாய். ஒரு மத்தியானம் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு தோல் ஷாப்புக்குப் போனாய். சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் தோல் காயும் மைதானத்தில் துண்டை விரித்துப் படுக்கும் நேரம். முனுசாமியையும் அவன் கூட்டாளிகளையும் அந்தத் தாளில் இருக்கிறபடியே படுக்கச் சொன்னாய். ஒருவன் கையை முகத்தின்மேல் போட்டான், ஒருவன் சுருண்டான். முனுசாமி மல்லாந்து படுத்து, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைப் பாதி தொங்கவிட்டான். சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு குலுங்கியது, நீ திட்டினாய். பிறகு நிஜமாகவே அசந்துவிட்டான். அப்போதுதான் எடுத்தாய்.

உன் வாழ்க்கையில் நீ உனக்காக எடுத்த முதல் படம் அது. பெரிதாகப் போட்டு, அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே மாட்டினாய். படுத்திருந்த ஒவ்வொருவன் வீட்டுக்கும் ஒரு பிரதி போயிற்று. முனுசாமி தன் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே மாட்டியிருப்பதாகச் சொன்னான். நீ அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான்தான் பொறாமைப்பட்டேன்.

அப்புறம் அந்த மெக்கானிக் வந்தான். ஷாப்பில் புது மிஷினைப் பூட்டிக் கொடுக்க வந்திருந்த வெளிநாட்டுக்காரன். வெயிலில் தோல் உரிந்து சிவந்த ஆள், அவனுக்கும் ஆங்கிலம் நம்மைப் போலத்தான். ஊரிலிருக்கும் தாயாருக்கு ஒரு படம் அனுப்ப வேண்டுமென்று முனுசாமி அவனை அழைத்து வந்தான். அவன் பையையும் முனுசாமிதான் தூக்கிக்கொண்டு நின்றான்.

உள்ளே நுழைந்த மெக்கானிக் சுவரைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, உன் படத்துக்கு முன்னால், நம் ஆட்கள் படுத்திருக்கும் படத்துக்கு முன்னால், தலை குனிந்து நின்றான். உன் படம் அவனுக்குப் பிடித்துவிட்டது, மரியாதை செய்கிறான் என்று நீ பூரித்துப் போனாய். எனக்கும் பெருமைதான்.

அவன் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. "வென்?" என்று கேட்டான். எப்போது நடந்தது என்கிறான். "போலீஸ்? ஸ்ட்ரைக்?" என்றான். நமக்குப் புரியவில்லை. அவன் உன் படத்தில் மல்லாந்து கிடக்கும் ஆளின்மேல் விரலை வைத்தான். "புவர் மேன்" என்றான்.

"அது நான்தான் தொரே" என்றான் முனுசாமி.

மெக்கானிக் அவனைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடியும் அவனைப் பார்த்தான். அப்படியே போஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்திலிருந்த தாளைக் காட்டி மெதுவாகச் சொன்னான். "வார். ஆல் டெட்." பூட்ஸ் தொங்கும் காலைக் காட்டி, யாரோ உருவுவது போல் இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினான். அது தூக்கத்தில் கழன்றது இல்லை. செத்தவன் காலிலிருந்து எவனோ கழற்றிக்கொண்டிருந்திருக்கிறான், நடுவில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

பிறகு தலைமாட்டில் நான் பூசிய இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தான். யார் செய்தது என்று கேட்டான். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல, சட்டென்று தூக்கிவிட்டேன். அவன் சட்டத்தைக் கழற்றி, கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தான். என் வெள்ளையும் சாம்பலும் கரைந்து வந்தன. சுரண்டல் எட்டாத இடத்திலிருந்து கறுப்பு மேலே வந்தது. "பிளட்" என்றான்.

அந்த ஆங்கிலம் எனக்குத் தெரியும். தெரியாதவன் போல நின்றேன். செத்தவர்களின் ரத்தத்தை நான் உட்கார்ந்து துடைத்திருக்கிறேன், அதன்மேல் வைக்கோல் வரைந்திருக்கிறேன், நீ முதுகில் தட்டியிருக்கிறாய். மெக்கானிக் படம் எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டான். முனுசாமி பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனவன் வாசலில் நின்றான்.

"அப்போ நான் பொணமாட்டம் படுத்திருந்தேனா சாமி?" என்றான்.

 

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே முனுசாமியின் பெண்சாதி செல்லம்மா சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அவள் கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"இத மாத்திக் குடுங்க" என்றாள். "கண்ணத் தொறந்து வெச்சுக் குடுங்க. இந்த அண்ணன் எழுதுவாருன்னு சொன்னாங்க."

"கண்ணு எழுதினா அது செத்தவங்க படம்னு ஆயிடும்மா" என்று நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய்.

"மூடி இருந்தாலும் பொணம்ன்றீங்க. தொறந்தாலும் பொணம்ன்றீங்க. என் வூட்டுக்காரன் உசுரோட இருக்கறதுக்கு எங்க படம்?"

 நீ உள்ளே போய், ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர் ஒருவரிடம் வாங்கி வைத்து, விளையாட்டுச் சாமான் என்று நான் கேலி செய்துகொண்டிருந்த அந்தச் சின்னக் கை கேமராவை எடுத்தாய். "வாம்மா" என்று அவளையும் கூட்டிக்கொண்டு ஷாப்புக்கு நடந்தாய். நான் கடையைத் திறந்து போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தேன்.

முனுசாமி ஈரத் தோல் கட்டு ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு, தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தான். தண்ணீர் முகமெல்லாம் வழிகிறது. நில்லு என்று நீ சொல்லவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தாய், நடந்துகொண்டே எடுத்தாய். அவன் நம்மைப் பார்த்து வாயைப் பிளந்து என்னவோ கத்தினான். நீ கால் தடுக்கித் தொட்டிக்குள் விழத் தெரிந்தாய்.

படத்தைக் கழுவிப் பார்த்தால் அவன் கை ஒரு பக்கம் கலங்கியிருக்கிறது, சட்டத்துக்குள் நேராக ஒன்றும் நிற்கவில்லை. நான் மை வைத்து டச்சிங் செய்ய எடுத்தேன். "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாய். நீ என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

செல்லம்மா வாங்கிப் பார்த்தாள். "இன்னா கத்திக்கினு இருக்குது?" என்றாள்.

"'வழிய வுடுங்க, வழுக்கி வுழப்போறீங்க'ன்னு கத்தினேன்" என்றான் முனுசாமி.

"வூட்லயும் இப்படித்தான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் படம் அவர்கள் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. முனுசாமியும் இருக்கிறான். நீதான் இல்லை.

ஆனால் உன் மனசு அதோடு ஆறவில்லை. தூங்குகிறவர்கள் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாய், ஆனால் எறியவில்லை. "அத எடுத்தவன் எப்படிடா நின்னான்?" என்று கேட்பாய். டீ குடிக்கும்போது கேட்பாய், பஸ்ஸில் போகும்போது கேட்பாய். "அத்தனை பேரு கெடக்கறாங்க. கை நடுங்காம எப்படி நின்னான்? தூரத்துல எவனோ ஒருத்தன் பாக்கணும்னுதானே நின்னான். நம்ம கைக்கு வந்துது. நாம இன்னா பண்ணோம்? ரத்தத்தத் தொடச்சு, அத்தினி பேரையும் தூங்க வெச்சிட்டோம்." எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. தெரியாமல் செய்ததற்கு எவ்வளவு நாள் அழுவது என்று எரிந்து விழுவேன்.

அந்த வருடமே நீ ஸ்டுடியோவில் கண் எழுதுவதை நிறுத்திவிட்டாய். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போனாய், உட்காரவைக்காமல் கிடந்தபடி எடுத்தாய், மூடிய கண்ணை மூடியபடியே கொடுத்தாய். ஊரில் பேஜாராகிவிட்டது. "பொணத்தப் பொணமாவே குடுக்கறான், இவனுக்கு எதுக்குக் கடை?" என்று வேறு ஸ்டுடியோ தேடிப் போனார்கள். என் பிழைப்பில் மண் விழுந்தது. லாரிக்கு நம்பரும் ஷாப்புக்குப் போர்டும் எழுதப் போனேன். நாம் பேசாமல் இருந்த நாளும் உண்டு.

நீ அந்தச் சின்னக் கேமராவோடு அலைந்தாய். மாதனூர் பக்கம் நாற்று நடுகிறவர்கள், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொள்ளுகிறவர்கள், ஜோலார்பேட்டையில் இஞ்சினுக்கு அடியிலிருந்து கரி முகத்தோடு தவழ்ந்து வெளியே வருகிறவர்கள். ஒருத்தரும் நம்மைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஷோகேஸில் மாப்பிள்ளை பெண் படங்களுக்குப் பதிலாக வைத்தாய். ஷாப் விட்டுப் போகிறவர்கள் நின்று, "அது நம்ம ஆளுடா" என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பார்கள். நானும் போர்டு எழுதிவிட்டு அந்தப் பக்கமாகவே வருவேன். ஒரு நாள் நீ டீயை நீட்டினாய், வாங்கிக்கொண்டேன். சண்டை அவ்வளவில் முடிந்தது, மறுபடியும் ஸ்டுடியோவில் என் மேசைக்கே வந்து டச்சிங் பார்த்தேன்.

நீ போன அன்று உன் அண்ணன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் தூக்கி வெளியே வைத்தேன். உன் ஆசைப்படி பெஞ்சில் கிடந்தபடியே எடுத்தேன். உன் பெரிய கேமராவின் கருப்புத் துணிக்குள் நான் தலையை விட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று நீ சொல்லியிருக்கிறாய், நான் பார்த்ததில்லை. நீ மேலே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தாய். துணிக்குள்ளேயே கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிடா நின்னான் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, ஒரு துளி மை வைக்காமல், உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் ஆகி, அவள் வந்துவிட்டாள். மிச்சத்தை அவள் போன பிறகு எழுதுகிறேன். இடுப்பில் உன் சின்ன மகள். நான் முடிவோடு இருந்தேன். "அவன் சத்தியம் வாங்கியிருக்காம்மா, என்னால முடியாது" என்றேன்.

உன் மனைவி மகளை இறக்கிவிட்டாள். "தெரியும்ண்ணா. எங்கிட்டயும் சொல்லியிருக்காரு" என்றாள். "ஆனா இவ தெனமும் ஸ்டூல் போட்டு ஏறிக்கினு, சொம்புத் தண்ணிய அது மேல தெளிக்கிறா. தூங்கறாராம், எழுப்பறாளாம். மத்தியானத்துல அவரு தூங்கினா அப்படித்தான் எழுப்புவா. எந்திரிக்கலியேன்னு அழுவுறா. செத்துட்டாருன்னு நானும் எத்தினி தடவ சொல்றது? தூங்கறாப்பல இருக்கக் கூடாதுண்ணா. அவ்ளோதான் எனக்கு வேணும்."

  ஊர் முழுக்கக் கண் எழுதச் சொன்னது எதற்கு என்று, இத்தனை வருடம் எழுதிய எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

படத்தைப் பலகையில் பொருத்தினேன். மையைத் தொட்டேன். தொட்டவன் அப்படியே நின்றேன். உன் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவு வரவில்லை. பெரிதா, சிறிதா, விளிம்பு இறங்கியிருக்குமா, ஏறியிருக்குமா? இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், உன் கண்ணைப் பார்க்கவில்லை. நீ காட்டியதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.  சாவு வீட்டில் கேட்கும் கேள்வியை நான் உன் மகளிடம் கேட்டேன்.

"அப்பா கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கண்ணை அகல விழித்து, கன்னத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். நீதான் அது. கேமராவை முகத்தில் வைத்துக்கொண்ட நீ.

அப்படியே எழுதினேன். வலது கண்ணை மட்டும் திறந்தேன். இடது கண்ணைத் தொடவில்லை, அது நீ கேட்டபடியே கிடக்கிறது. இப்படி ஒரு படம் இந்த ஜில்லாவில் எந்தச் சுவரிலும் இருக்காது. உன் அண்ணன் பார்த்தால் என்னைச் செருப்பால் அடிப்பார். உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

படத்தை நிமிர்த்தி நாற்காலிமேல் வைத்தேன். உன் மகள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். கையிரண்டையும் பக்கத்தில் ஒட்டிவைத்து, கன்னத்தை உப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். நீ படம் எடுக்கிறாய் என்று நிற்கிறாள். நீ "ஆச்சு" என்று சொல்லும் வரைக்கும் அசையக் கூடாது அல்லவா, அதற்காக நிற்கிறாள். முகம் சிவக்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் கோத்தது. அப்போதும் அவள் அசையவில்லை.

"ஆச்சு" என்றேன் நான்.

அதற்குப் பிறகுதான் குழந்தை மூச்சு விட்டாள்.